இப்பத்தான் போயிருக்கார்

எட்டுக் கோடி வரிகள் சேர்ந்துவிட்ட ஓர் அட்டவணைக்குப் பிரைமரி கீ இல்லை என்று சொன்னால், என் தொழிலில் இருப்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். அப்புறம், எந்தப் புண்ணியவான் இதைச் செய்தது என்று கேட்பார்கள். அந்தப் புண்ணியவதி நான்தான். அதனால் இதை எழுதும்போது யார்மீதும் எரிந்து விழ எனக்கு உரிமை இல்லை. விழுவேன், அது வேறு.

செங்கம் ரோட்டில், ஆசிரமப் பகுதியில், ஒரு வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். கீழே வெளிநாட்டுக்காரர்கள் மணிக்கணக்கில் ஒரே காபியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கடை. ஜன்னலைத் திறந்தால் மலை. சென்னையில் பதினேழு வருடம் டேட்டாபேஸ் வேலை பார்த்துவிட்டு, அதே வேலையை இங்கிருந்தே பார்க்கலாம் என்று வந்தவள். மலைக்காக வந்தீர்களா என்று கேட்கிறவர்களிடம், வாடகை கம்மி என்பதற்காக என்று சொல்வேன். பாதி உண்மை.

ஊருக்குள் சவுண்ட் சர்வீஸ் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் இருக்கிறார். மூன்று தலைமுறையாக இங்கே இருக்கும் குடும்பம். பௌர்ணமிதோறும் கிரிவலக் கூட்டத்தில் தொலைந்துபோகிறவர்களை மைக்கில் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவருக்குத் தொண்டையே போய்விட்டது. இதற்கு ஒரு பைசா வாங்குவதில்லை. ஐந்து வருடத்துக்கு முன் என்னிடம் வந்து, "மேடம், கத்தாம தேட வழி இருக்குதா?" என்று கேட்டார்.

இருந்தது. வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் நம்பர் போட்ட கைப்பட்டை ஒன்று. கூட வருகிறவருக்கு அடுத்த நம்பரில் இன்னொன்று. பதினாலு கிலோமீட்டர் பாதையில் எட்டு இடத்தில் கம்பம் நட்டு, பட்டை கடந்து போனால் நம்பரைப் படித்துக்கொள்ளும் ரீடர் பெட்டி. ஒவ்வொரு கம்பத்தருகிலும் பௌர்ணமிக்கு ஓர் உதவிப் பந்தல். பாதை முடியும் ஈசான்ய லிங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு மேஜை. அங்கே பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எந்தப் பட்டை, எந்த இடம், எந்த நேரம் என்று ஒவ்வொன்றும் ஒரு வரியாக என் அட்டவணையில் விழும்.

பத்தே நாளில் எழுதிக் கொடுத்தேன். பிரைமரி கீ என்பது ஒன்றும் பெரிய வித்தை அல்ல. ஒரு தெருவில் ஒரே பெயரில் நாலு பேர் இருந்தாலும் ரேஷன் அட்டை எண் வேறு வேறாக இருக்குமல்லவா, அதுபோல ஒவ்வொரு வரிக்கும் இன்னொன்றுக்கு இல்லாத ஓர் அடையாளம். அது இருந்தால், ஒரே வரி இரண்டு முறை உள்ளே வர முடியாது. தேடினால் சட்டென்று கிடைக்கும். அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். தேடுகிறவர்களுக்கென்று நான் எழுதிய திரையும் ஒரே ஒரு வரியைத்தான் காட்டும்: அந்தப் பட்டை கடைசியாகத் தென்பட்ட இடமும் நேரமும். தொலைந்தவரைத் தேடுகிறவருக்கு அதற்குமேல் என்ன வேண்டியிருக்கிறது என்று நினைத்தேன்.

நாலு வருடம் கழித்து, போன கோடையில், பாய் போன் செய்தார்.

"மேடம், நம்பர் அடிச்சா பதில் வர நாலு நிமிஷம் ஆவுது. மத்தவங்க பரவால்ல. அந்தம்மாதான் அழுவுது. நீங்க காட்டறதுக்குள்ள அவரு போயிடறாருன்னு சொல்லுது."

"எந்தம்மா பாய்?"

அப்போதுதான் எனக்குச் சொன்னார். பௌர்ணமி என்றால் நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிற ஆள். ஊரே அறிந்த விஷயம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்த அம்மா போளூர்ப் பக்கத்து ஒரு கிராமம். இரண்டு வருடத்துக்கு முன் பங்குனிப் பௌர்ணமிக்குக் கணவரோடு வந்திருக்கிறார். அன்று காலையிலேயே திதி பிறந்துவிட்டதால் பகலிலேயே சுற்றி முடித்துவிடலாம் என்று எண்ணம். கணவருக்கு மறதி நோய் தொடங்கியிருந்தது. இரண்டு பேர் கையிலும் பட்டை. ஆதி அண்ணாமலையில் மோர் வாங்க நின்றபோது அவர் கையை இவர் விட்டுவிட்டார். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. முன்னால் போயிருப்பார் என்று ஓட்டமும் நடையுமாகப் பாதை முடியும்வரை போய், பட்டையைக் கொடுத்துவிட்டு, அங்கும் அவரைக் காணாமல், வந்த வழியே திரும்ப ஓடி வந்திருக்கிறார். ஆதி அண்ணாமலைப் பந்தலில் அவர் நம்பரை அடித்துப் பார்த்தார்கள். திரையில் வந்தது: ஆதி அண்ணாமலை, இந்த நிமிடம்.

"இப்பத்தான் போயிருக்கார்மா. பக்கத்துலதான் இருப்பாரு" என்று சொன்னார்களாம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அந்த அம்மா ஆதி அண்ணாமலைக்கு வருகிறார். நம்பரை அடிக்கச் சொல்கிறார். ஒவ்வொரு முறையும் அதே பதில். முன்னால் ஓடுகிறார், ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறார், திரும்பி வந்து மறுபடி அடிக்கச் சொல்கிறார். இப்பத்தான் போயிருக்கார். போலீஸ் வந்து தேடினார்கள், ஏரியிலும் கிணறுகளிலும் ஆள் இறங்கித் தேடினார்கள். ஆளும் இல்லை, உடலும் இல்லை. திரை மட்டும் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

வேறு ஊராக இருந்தால் மெஷின் கோளாறு என்று ஒருத்தராவது சொல்லியிருப்பார். கண்ணுக்குத் தெரியாமல் சித்தர்கள் இந்த மலையைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று டீக்கடையில் வடையைக் கடித்துக்கொண்டே பேசுகிற ஊர் இது. அவர் சித்தராகிவிட்டார், அதனால்தான் மெஷினுக்குத் தெரிகிறார், மனிதர்களுக்குத் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். கம்பத்துக்கு மாலை போட ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறதாம்.

"நீங்களும் நம்பறீங்களா பாய்?"

"மலை விஷயத்துல நான் வாயத் தொறக்கறதில்ல மேடம். எங்க அத்தாவும் அப்படித்தான் இருந்தாரு. நீங்க மெஷின மட்டும் பாருங்க. அடுத்த பௌர்ணமிக்குள்ள வேகமா வந்துட்டா, அந்தம்மா அவர எட்டிப் புடிச்சிடும்னு நம்பிக்கினு இருக்குது."

போனை வைத்த பிறகு எனக்கு வந்தது பயமா கோபமா என்று இன்றுவரை தெரியவில்லை. ஒரு பெண் தன் புருஷனை நான்கு நிமிடத்தில் தவறவிட்டுக்கொண்டிருப்பதாக இரண்டு வருடமாக நம்புகிறாள். அந்த நாலு நிமிடம் என்னுடையது.

அவருடைய நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். 4117.

மறுநாள் காலையில் வேலையைத் தொடங்கினேன். ஒரு பட்டை, ஓர் இடம், ஒரு நிமிடம். இந்த மூன்றும் சேர்ந்து ஒரு முறைக்குமேல் வரக்கூடாது என்பதுதான் நான் வைக்க நினைத்த கீ. இருக்கிற அட்டவணையிலேயே அதைச் சேர்க்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். இரண்டு மணி நேரம் முக்கி முனகிவிட்டு, ஒரே வரி பலமுறை இருக்கிறது, முடியாது என்று திருப்பி அனுப்பியது. எந்த வரி என்று நம்பரும் சொன்னது. 4117.

தற்செயல்தான் என்று எனக்கு நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டேன். அறையில் வேறு யாரும் இல்லை.

இவ்வளவு பெரிய அட்டவணையை ஒரே வாயில் விழுங்க வைக்க முடியாது. அதனால் கீ வைத்த காலி அட்டவணை ஒன்றைப் பக்கத்தில் செய்துகொண்டு, பழையதிலிருந்து ஒவ்வொரு நாளாக எடுத்து, இரட்டை வரிகளைக் கழித்து, புதியதில் கொட்டுவது என்று முடிவு செய்தேன். கடைசியில் பழையதின் பெயரைப் புதியதற்கு வைத்துவிட்டால் போதும். நேற்றிலிருந்து பின்னோக்கிப் போகத் தொடங்கினேன். பௌர்ணமி இல்லாத நாட்கள் காலியாக இருக்கும், வேலை சீக்கிரம் முடியும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

நேற்று காலியாக இல்லை. முந்தாநாளும் இல்லை. போன அமாவாசையும் இல்லை. ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு பட்டை, ஒரே இடம், விநாடிக்கு இரண்டு முறை. கூட்டம் இல்லாத, பந்தல் பிரித்துவிட்ட, ஆடு மேய்கிற பாதையில் 4117 இருந்துகொண்டே இருந்தது.

நேரங்களையும் பார்த்தேன். விடிந்து கொஞ்ச நேரத்தில் தொடங்குகிறது, அந்தி சாய்ந்ததும் நின்றுவிடுகிறது. மார்கழியில் தாமதமாக வருகிறார், சித்திரையில் சீக்கிரம் வருகிறார். ஐப்பசியில் அடைமழை பெய்த நாட்களில் வரவே இல்லை. வருகிறார் என்று எழுதிவிட்டேன், பாருங்கள். அன்றைக்கும் மனசுக்குள் அப்படித்தான் சொன்னேன்.

காலை பதினொன்றரை மணி இருக்கும். திரை வழியாக இல்லாமல், அட்டவணையில் கடைசியாக விழுந்த வரியை மட்டும் நேராகக் கேட்டுப் பார்த்தேன், அதற்கு நேரம் பிடிக்காது. இந்த விநாடி. மறுபடி கேட்டேன். இந்த விநாடி. ஜன்னல் வழியே மலையைப் பார்த்தேன். மேற்கே ஒரு கருமேகம் நகர்ந்து போய் மலைக்கு அந்தப் பக்கம் நிழல் விழுந்தது. மறுபடி கேட்டேன். வரி வரவில்லை. இரண்டு நிமிடம் முந்தைய நேரத்திலேயே நின்றிருந்தது. கீபோர்டிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். மேகம் விலகி வெயில் விழுந்தது. 4117, ஆதி அண்ணாமலை, இந்த விநாடி.

லேப்டாப்பை மூடினேன். கீழே இறங்கி, யாரோ ஒருவருடைய மேஜையில் போய் உட்கார்ந்து, கேட்காத காபியைக் குடித்தேன். மனிதக் குரல்கள் வேண்டியிருந்தன.

அன்று மதியமே ஸ்கூட்டியில் போனேன். செங்கம் ரோட்டிலிருந்து பாதை பிரிகிற இடத்துக்கு அப்புறம் ஆள் நடமாட்டம் இல்லை. மரத்தடியில் ஒரு சாமியார் தூங்கிக்கொண்டிருந்தார். வெறுங்காலோடு ஒரு வெளிநாட்டுக்காரி எதிரே பார்க்காமல் நடந்து போனாள். பழகிய மலைதான், ஆனால் ஆதி அண்ணாமலையிலிருந்து பார்க்கும்போது வேறு மலையாகத் தெரிந்தது.

கம்பத்தில் மூன்று பழைய மாலைகள், ஒரு புது மாலை. விபூதிப் பட்டை. அடியில் எலுமிச்சம்பழம். பக்கத்தில் நின்று போனில் நம்பரை அடித்தேன். நாலு நிமிடம் வெயிலில் நின்றேன். பதில் வந்தது: ஆதி அண்ணாமலை, நான் நம்பரை அடித்த அதே விநாடி. திரும்பிப் பார்த்தேன். பாதை இரண்டு பக்கமும் காலியாக இருந்தது. அந்த நேரம் நானும் நம்பினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், காலிலிருந்த செருப்பைக் கழற்றிவிட்டேன்.

எதிரே இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். நிலக்கடலை பயிரிடுகிறவர், பௌர்ணமிக்கு அந்தப் பந்தலையும் கம்பத்தையும் பார்த்துக்கொள்வது அவர்தான். பாய் அனுப்பினார் என்றதும், ரீடர் பெட்டியைத் திறந்து காட்டுவதற்கு முன் கம்பத்தைத் தொட்டுக் கும்பிட்டார். மேலே சோலார் தகடு இருந்தது. "பேட்டரி செத்துப்போயி ரொம்ப நாளாச்சுங்க. வெயில் இருந்தா ஓடும். பௌர்ணமிக்கு மட்டும் கரெண்டு குடுப்போம்" என்றார். விடிந்ததும் வருவது, மழைக்கு வராதது, மேகத்துக்கு நின்றது எல்லாம் ஒரு வார்த்தையில் கரைந்து போயின. ஆனாலும், வெயில் இருக்கும்போது அது யாரைப் படிக்கிறது?

மூடியைக் கழற்றினார். உள்ளே, நம்பரைப் படிக்கும் கம்பிச் சுருளை ஒட்டி, சணல் கயிற்றால் ஒரு கைப்பட்டை கட்டியிருந்தது. எண்ணைப் படிக்கக் குனியத் தேவையிருக்கவில்லை.

"இது எப்படி உள்ளே வந்துச்சு?"

"நான்தாங்க கட்டனேன்" என்றார், பெருமையாகவே. "ரீடர் படிக்கலன்னா செவப்பு லைட்டு எரியும். பாய் போன் மேல போன் போடுவாரு. ஒரு பௌர்ணமிக்கு ரொம்பத் தொல்ல. திருப்பி வாங்கன பட்டைங்க பெட்டி வண்டியில வந்துச்சு, மறுபடி ஜனங்களுக்குக் குடுக்க. அதுல மேலாப்புல இருந்தத எடுத்துக் காட்டிப் பாத்தேன். பச்ச லைட்டு வந்துச்சு. நம்பரு கூடப் பாக்காம அப்படியே கட்டி உட்டுட்டேன். அதுலேர்ந்து ஒரு நாளு செவப்பு வந்தது கெடையாது."

"எந்தப் பௌர்ணமி?"

"அந்தம்மா வூட்டுக்காரரு காணாப் போனாரே, அன்னிக்கி சாயங்காலம்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். என் முகத்தைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார். ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"டெய்லி கற்பூரம் ஏத்தறேங்க இதுக்கு" என்றார்.

அவரைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். சிவப்பு விளக்கு எரியாமல் இருக்க அவர் செய்ததும், பத்தே நாளில் முடிக்க நான் செய்ததும் வேறு வேறு காரியமா என்ன? பேசாமல் பட்டையை அவிழ்த்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. திருப்பி வாங்கிய பட்டைகளின் பெட்டியில் இது இருந்தது என்றால், அவர் திருப்பிக் கொடுத்திருக்கிறார். ஆதி அண்ணாமலையில் அவர் தொலையவே இல்லை. நடந்து முடித்திருக்கிறார்.

மற்ற நாட்களை விட்டுவிட்டு அந்தப் பங்குனிப் பௌர்ணமியை மட்டும் எடுத்துப் புதிய அட்டவணையில் கொட்டினேன். இரட்டை வரிகள் உதிர்ந்தன. 4117 என்று கேட்டேன். கண்ணிமைப்பதற்குள் பதில் வந்தது. அவர் தாண்டிய ஒவ்வொரு கம்பமும் வரிசையாக. கடைசியில் ஈசான்ய மேஜை: மூன்று மணி நாற்பத்திரண்டு. அதற்குப் பிறகு வருவதெல்லாம் மாலை ஐந்துக்குமேல், சணல் கயிற்றின் வரிகள்.

ஜோடிப் பட்டையையும் கேட்டேன். 4118, அந்த அம்மாவுடையது. கேட்காமல் இருந்திருக்கலாம்.

ஆதி அண்ணாமலை தாண்டி வாயு லிங்கத்துக்கு அருகே அந்த அம்மா கடக்கிறார். முப்பது விநாடியில் அவர் கடக்கிறார். குபேர லிங்கத்துக்கு அருகே அந்த அம்மா, பின்னாலேயே அவர். ஈசான்ய மேஜையில் அந்த அம்மா பட்டையைக் கொடுத்த நாற்பதாவது விநாடியில் அவர் கொடுக்கிறார். அவ்வளவு தூரமும் அந்த மனிதர் மனைவியின் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறார். மனைவி முன்னால் தேடிக்கொண்டே நடந்திருக்கிறார். இருவருக்கும் நடுவில் நாற்பது விநாடிக் கூட்டம். அவர் தொலைந்தது அதற்கு அப்புறம், கையில் நம்பர் இல்லாமல் போன பிறகு.

அன்று இரவு முழுக்க அழுதேன். வேலைக்காக அழுவது எனக்குப் பழக்கமில்லை.

ஐந்து நாளில் மிச்ச நாட்களையும் கொட்டி முடித்து, பெயரை மாற்றி வைத்தேன். எட்டுக் கோடி வரிகள் சில லட்சங்களாகச் சுருங்கின. பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நாற்பது விநாடியைத் தவிர. அவர் அன்றைக்கே ஈசான்யத்திலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் காணாமல் போனவருடைய படத்தை ஒட்ட ஆள் அனுப்பினார். இரண்டு வருடம் பழைய படம். அந்த அம்மாவுக்கும் சொல்லி அனுப்பினார்.

பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்பு, காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். பாயின் கடையில், அடுக்கிவைத்த ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு முன்னால் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தோம். சின்ன உருவம். பட்டை எப்படி அங்கே போனது என்று நான்தான் சொன்னேன். அதைச் செய்தவர் யார் என்று அவர் கேட்கவில்லை.

"அப்போ ரெண்டு வருஷமா நான் தேடன எடத்துல அவரு இல்லவே இல்லியா?"

"இல்லம்மா. நடந்து முடிச்சிட்டு, பட்டையத் திருப்பிக் குடுத்திருக்கார்."

"எத்தினி மணிக்கு?"

"மூணே முக்கால் வாக்குல."

"நான் எத்தினி மணிக்குக் குடுத்தேன்?"

வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த பொய் அது. "உங்களுது சரியாப் பதிவாகலம்மா" என்றேன். பாய் என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, ஒரு ஒயரை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார்.

அந்த அம்மா தன் மணிக்கட்டைப் பார்த்தார்.

"அந்தக் கொக்கி நம்ம கையாலயே கழட்ட வராது" என்றார் மெதுவாக. "மேஜையில இருந்தவருதான் கழட்டனாரு. நான் அவரு இங்க வந்தாரா, வந்தாரான்னு கேட்டுக்கினே நிக்கறேன். 'பின்னாடி ஒருத்தரு கைய நீட்டிக்கினு நிக்கறாரு, நகரும்மா'ன்னாரு. நான் அப்படியே கூட்டத்துல நொழஞ்சி ஓடிட்டேன். திரும்பிப் பாக்கல."

கடைக்கு வெளியே ஆட்டோக்கள் போய்க்கொண்டிருந்தன. அவர் நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தார்.

"அது அவரு கைதானே?"

மறுபடி பொய் சொல்ல முடியவில்லை. "ஆமாம்மா" என்றேன்.

அவர் அழவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சட்டென்று திரும்பி, தனக்குப் பின்னால் பார்த்தார். அங்கே ஸ்பீக்கர் பெட்டிகள் மட்டும்தான் இருந்தன. பாயும் பார்த்தார். நானும் பார்த்தேன்.